அழகர் மலையடியில் ஒரு கொலை வழக்கு

மதுரைக்கு வருகிற யாத்திரிகர்களில் பெரும்பாலோர் மீனாட்சியம்மன் சந்நிதியில் கும்பிட்டு, திருமலை நாயக்கர் மஹாலின் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். நகரத்துக்கு வடக்கே 21 கிலோமீட்டர் தூரத்தில் அழகர்மலை ஒன்று இருப்பது அவர்களுடைய நினைவுக்கு வருவதில்லை. சித்திரைப் பௌர்ணமியில் அழகர் தாமே மதுரைக்கு எழுந்தருளி வைகையில் இறங்குகிறார்; அப்படியிருக்க நாம் எதற்காக அவரைத் தேடிப் போகவேண்டும் என்று எண்ணுகிறார்கள் போலும்! திருவிழாக் கூட்டம் இல்லாத ஒரு சாதாரண நாளில் அழகர்கோவிலுக்குப் போய் வருவதில் உள்ள சுகத்தை நேயர்களுக்கு எடுத்துச் சொல்லவே இதை எழுதத் தொடங்கினோம். ஆனால், போன இடத்தில் ஒரு கொலை வழக்கில் அகப்பட்டுக்கொண்டோம். கொலையுண்டவர் ஒரு பாண்டிய சக்கரவர்த்தி. குற்றம் சாட்டப்பட்டிருப்பவன் அவருடைய சொந்தக் குமாரன். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படுவது 1310-ஆம் ஆண்டில். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

எங்களுடன் வந்தவர்களில் ஒருவர் வக்கீல். மற்றொருவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பிக்கும் உபாத்தியாயர். இந்த இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் வழக்கு உண்டாகாமல் இருக்குமா?

வைகையைத் தாண்டி, வயல்களையும் தோப்புகளையும் கடந்து செல்லச் செல்ல, மலை மெல்ல மெல்ல எங்களை நோக்கி வந்தது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் வழிகளைச் சொல்லும் இடத்தில் இந்தத் திருமாலிருஞ்சோலையும் வருகிறது. ஆழ்வார்களில் பெரியாழ்வார், ஆண்டாள், நம்மாழ்வார், திருமங்கையாழ்வார் முதலிய அறுவர் பாடிய ஸ்தலம் இது. மலைமேல் நூபுர கங்கை என்னும் சிலம்பாறு, அடிவாரத்தில் கோயில். கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. சிதைந்த மதில் ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் இன்றும் நிற்கிறது. அதன் உள்ளே மற்றொரு மதில். கட்டி முடிக்கப்படாமல் நின்றுபோன ராயகோபுரத்தின் கல்வேலையைப் பார்த்தால், முடிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மனம் ஏங்குகிறது. கருவறையின்மேல் வட்ட வடிவமான சோமசந்த விமானம். இதைப் போன்ற வட்ட விமானத்தைத் தமிழ்நாட்டில் அதிகமாகக் காண முடியாது.

பெருமாளைச் சேவிப்பதற்கு முன்பே யாருடைய கால்களும் நின்றுவிடும் இடம் பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதி. சந்நிதி என்று சொன்னோமே தவிர, அங்கே விக்கிரகம் கிடையாது. கோபுர வாசலின் பெரிய கதவுகள் சாத்தியே இருக்கின்றன. அந்தக் கதவுகளுக்குத்தான் சந்தனம் சாத்தி, மாலை அணிவித்து வழிபடுகிறார்கள். காணிக்கையாக வந்த அரிவாள்கள் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. அழகரின் சக்தியைக் கவர்ந்து செல்ல மலையாளத்திலிருந்து வந்த மந்திரவாதிகள் பதினெட்டுப் பேரைப் பிடித்துக் கொன்று, படிகளின் கீழே புதைத்துவிட்டார்கள் என்பது ஸ்தலக் கதை. அழகர் மதுரைக்குப் புறப்படும்போது அவர் அணிந்து செல்லும் நகைகளின் ஜாபிதாவை இந்தக் கருப்பர் முன்னிலையில் படிப்பது வழக்கம். திரும்பி வந்ததும் மறுபடி கணக்கு ஒப்புவிக்க வேண்டும். கடவுளே ஆனாலும் கணக்கில் பிசகு கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம்!

சுற்று வட்டாரத்து ஜனங்கள் தங்கள் கொடுக்கல் வாங்கல் சச்சரவுகளையும், களவு வழக்குகளையும் இந்தக் கதவின் முன்னால் சத்தியம் செய்து தீர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நீதிஸ்தலத்தில் துணிந்து பொய் சொல்கிறவன்கூட இங்கே வந்து கை வைக்க நடுங்குவானாம்.

“ஐயா, இங்கே பொய்ச் சத்தியம் பண்ணினவன் வீடு போய்ச் சேரமாட்டான்” என்று அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களுக்குச் சொன்னார்.

வக்கீல் பெருமூச்சு விட்டார். “என் தொழிலுக்கு இந்தக் கதவு மிகவும் ஆபத்தானது” என்றார்.

“உமது தொழிலை விடும். என் தொழிலுக்கு இது கிடைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்” என்றார் வாத்தியார். “சுந்தர பாண்டியன் தகப்பனைக் கொன்றான் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதை எழுதி வைத்தவரை இங்கே கூட்டிவந்து, கதவில் கை வைத்துச் சொல்லும் பார்க்கலாம் என்று கேட்க முடியுமா?”

இப்படித்தான் வழக்கு ஆரம்பமாயிற்று.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268-ஆம் ஆண்டில் பட்டத்துக்கு வந்தவன். சோழர் ஆட்சி அவன் காலத்தில் முடிவுக்கு வந்தது. காயல் துறையில் பாரசீகத்துக் குதிரைகளும் சீனத்துச் சரக்குகளும் வந்து இறங்கின. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ அந்தச் செல்வத்தைக் கண்டு பிரமித்தார். குலசேகரனுக்கு வீர பாண்டியன், சுந்தர பாண்டியன் என்று இரண்டு குமாரர்கள். தகப்பனார் வீர பாண்டியனுக்கு முடிசூட்ட நிச்சயித்தார் என்றும், அதனால் ஆத்திரமடைந்த சுந்தர பாண்டியன் தந்தையைக் கொன்று மதுரையில் முடி சூடினான் என்றும், பிறகு சகோதர யுத்தம் மூண்டு, 1311-ல் மாலிக் காபூரின் டில்லிப் படை பாண்டிய நாட்டில் புகுந்தது என்றும் நமது பாட புஸ்தகங்கள் சொல்லுகின்றன. தமிழ்நாட்டின் வாசலை அந்நியருக்குத் திறந்துவிட்டவன் ஒரு தந்தையைக் கொன்ற பாவி என்ற எண்ணம் இப்படியாக நம் மனத்தில் பதிந்துவிட்டது.

கோயிலுக்குள் சென்றதும் நாங்கள் சுவர்களை நோக்கினோம். அழகர்கோவிலிலும் பாண்டியர் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்லைக் காட்டிலும் நம்பகமான சாட்சி ஏது என்று கேட்கத் தோன்றும். ஆனால் கல் என்ன பேசுகிறது? இன்ன மன்னனுடைய இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊரார், இன்ன பூஜைக்காக இவ்வளவு நிலம் விட்டார்கள் என்கிறது. மன்னனைப் பற்றிச் சொல்லும்போது அவன் வென்ற நாடுகளைச் சொல்லும். தோற்ற போர்களைச் சொல்லாது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் குலசேகரன் கொலையுண்டான் என்ற செய்தி கிடையாது.

“அப்படியானால் கொலை நடக்கவில்லை. தீர்ந்தது வழக்கு!” என்றார் எங்கள் கோஷ்டியில் ஒருவர்.

வக்கீல் விடவில்லை. “கல்வெட்டு வெட்டுவதற்குப் பணம் கொடுத்தவர் யார்? ஆளும் அரசனுக்கு அடங்கிய குடிகள். மகாராஜா தகப்பனைக் கொன்ற மூன்றாம் ஆண்டில் நந்தாவிளக்கு வைத்தோம் என்று எந்த ஊர்ச்சபையார் வெட்டுவார்கள்? வாய் திறக்க வழியில்லாத சாட்சி வாய் திறக்கவில்லை என்பதால் எதையும் நிரூபிக்க முடியாது” என்றார்.

ஆனாலும் கல்வெட்டுகள் முற்றிலும் ஊமைகள் அல்ல. கொலையைப் பற்றி அவை பேசாவிட்டாலும், காலக் கணக்கை ஒளிக்காமல் சொல்லுகின்றன. வீர பாண்டியனுடைய ஆட்சியாண்டுகள் 1296-97 முதல் எண்ணப்படுகின்றன. சுந்தர பாண்டியனுடையவை 1302-03 முதல் எண்ணப்படுகின்றன. அதாவது தகப்பனார் உயிரோடு இருந்தபோதே இருவரும் பட்டம் பெற்று, அவருக்குத் துணையாக ஆண்டிருக்கிறார்கள். பாண்டிய நாட்டில் ஒரே சமயத்தில் பலர் முடிசூடி ஆள்வது வழக்கந்தான். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவோம்.

அந்தச் சாட்சியின் பெயர் வஸ்ஸாப். பாரசீக தேசத்து ஷிராஸ் நகரத்தவர். மங்கோலிய அரசர்களின் கீழ் உத்தியோகம் பார்த்தவர். தமது சரித்திரத்தை 1312-ல் சுல்தான் உல்ஜைத்துவின் சபையில் சமர்ப்பித்தார். தந்தையைக் கொன்ற கதை முழுவதும் அவர் ஒருவருடைய வாக்குமூலத்தின் மேல்தான் நிற்கிறது. சுந்தரன் முறையான பட்டத்து மனைவியின் மகன், மூத்தவன் என்றும், வீரன் அப்படிப்பட்டவன் அல்ல என்றும், ஆனாலும் வீரனுடைய சாமர்த்தியத்தைக் கண்டு தந்தை அவனையே தேர்ந்தெடுத்தார் என்றும் அவர் எழுதுகிறார். கொலை நடந்தது ஹிஜ்ரி 709-ஆம் ஆண்டின் கடைசியில் என்கிறார். அந்த ஆண்டு 1310 மே மாதத்தோடு முடிந்தது.

வக்கீல் குறுக்கு விசாரணையில் இறங்கினார். “நேரில் பார்த்தவரா?” இல்லை, கடல் கடந்த தேசத்தில் இருந்தவர். “கேள்விப்பட்டது யாரிடம்?” இங்கேதான் வஸ்ஸாபுக்குக் கொஞ்சம் பலம் உண்டாகிறது. பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் வருஷத்துக்கு 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய சகோதரர் தக்கியுத்தீன் பாண்டியனுடைய அமைச்சராகவே இருந்தார். இவற்றையும் வஸ்ஸாபே எழுதியிருக்கிறார். மதுரை அரண்மனைச் செய்தி பாரசீகத்துக்குப் போக ஒரு நேர்வழி இருந்தது என்பது இதனால் விளங்குகிறது. “மற்ற விஷயங்களில் இவர் சொன்னது சரியாக இருக்கிறதா?” குலசேகரன் நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆண்டான் என்கிறார். கல்வெட்டுப்படி 1268-ல் பட்டம். அதிலிருந்து 1310 வரை 42 வருஷங்கள். நமது கல்வெட்டு ஒன்றையும் கண்ணால் காணாத மனிதர் இவ்வளவு சரியாகச் சொல்லியிருப்பதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அதே மனிதர் மதுரைப் பொக்கிஷத்தில் 1,200 கோடி பொன் இருந்தது என்றும் எழுதுகிறார். இதை யாராவது எண்ணிப் பார்த்திருக்க முடியுமா? வீரனைத் தேர்ந்தெடுத்ததுதான் கொலைக்குக் காரணம் என்கிறார். கல்வெட்டோ, வீரன் பட்டம் பெற்று அப்போது பதின்மூன்று வருஷங்கள் ஆகிவிட்டன என்கிறது. பதின்மூன்று வருஷம் பொறுத்தவனுக்குத் திடீரென்று ஆத்திரம் வருவானேன்? தவிர, வஸ்ஸாபின் கதையில் சுந்தரன் முடிவில் தோற்று ஓடுகிறவன். தோற்றவன்மேல் பழி வந்து சேருவது உலக இயல்பு. துறைமுகத்தில் செய்தி சொன்ன வியாபாரி எந்தக் கட்சிக்காரரோ?

மூன்றாவது சாட்சி டில்லியின் ஆஸ்தான கவி அமீர் குஸ்ரு. மாலிக் காபூரின் படையெடுப்பை அவர் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். அவர் வரலாற்றில் வீர பாண்டியன் மூத்தவன், சுந்தரன் இளையவன். அதுவரை சிநேகமாக இருந்த சகோதரர்கள் இப்போது ஒருவரையொருவர் எதிர்த்துப் படை நடத்தினார்கள் என்கிறார். தந்தையைக் கொன்றதைப் பற்றிப் பேச்சே இல்லை. எதிரியின் சபைக் கவிக்கு இப்படிப்பட்ட பாதகச் செய்தி கிடைத்திருந்தால் எவ்வளவு ருசியாக எழுதியிருப்பார்! எழுதவில்லை என்பது யோசிக்கத் தக்கது. சுந்தரன் டில்லியில் சரண் புகுந்தான் என்று வஸ்ஸாப் சொல்லுவதை வைத்துத்தான், அவனே படையை அழைத்து வந்தான் என்று பின்னால் கதை வளர்ந்தது. குஸ்ருவோ அப்படி யாரும் அழைத்ததாகச் சொல்லவில்லை. 1311 ஏப்ரலில் காபூர் மதுரைக்கு வந்தபோது, அங்கிருந்த அரசன் ராணிகளோடு வெளியேறிவிட்டான் என்றும், இரண்டு மூன்று யானைகளே மிஞ்சியிருந்தன என்றும் சொல்லுகிறார். விருந்துக்கு அழைத்தவன் விருந்தாளி வரும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுவானா?

இந்த விவாதத்தோடு நாங்கள் மலையின் மறு பக்கத்துக்குப் போனோம். கிடாரிப்பட்டிக் கிராமத்தை அடுத்து, பாறைச் சரிவில் ஒரு பெரிய குகை இருக்கிறது. சமண முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகள் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. குகையின் நெற்றியில் பழைய தமிழ் பிராமி எழுத்துகள். மதுரைப் பொற்கொல்லன், உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் என்று, தானம் செய்தவர்களின் பெயர்கள் அங்கே பொறித்திருக்கின்றன. அறுவை என்றால் துணி. கொழு என்றால் கலப்பைக்கு வேண்டிய இரும்பு. இந்த எழுத்துகள் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஐராவதம் மகாதேவன் கணித்திருக்கிறார்.

“ரோமாபுரியில் ஜூலியஸ் ஸீஸரைக் குத்திக் கொன்றது எப்போது தெரியுமா? கி.மு. 44, மார்ச்சு 15. ஏறக்குறைய இந்த உப்பு வணிகர் காலந்தான்!” என்று வாத்தியார் உத்ஸாகமாகச் சொன்னார்.

ஸீஸர் வழக்கை நமது வழக்கின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பிரயோஜனமுள்ளது. அங்கே சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. பட்டப்பகலில், செனெட் சபையில், நூற்றுக்கணக்கான பிரமுகர்கள் முன்னிலையில் நடந்த கொலை அது. அதே காலத்தவரான ஸிஸரோவின் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவை கொலையைக் கொண்டாடுகின்றனவே ஒழிய நடந்ததை வரிசையாகச் சொல்லவில்லை. விவரமாக எழுதியவர்களுள் காலத்தால் முந்தியவர் டமாஸ்கஸ் நகரத்து நிக்கோலாஸ். அவர் ஸீஸருடைய வாரிசான அகஸ்டஸின் சிநேகிதர். ஆகவே கொலைகாரரிடம் அவருக்குப் பரிவு இருக்க நியாயமில்லை. காயங்கள் 35 என்கிறார் அவர். நூற்றைம்பது வருஷங்களுக்குப் பிறகு எழுதிய ஸூடோனியஸ் 23 என்கிறார். அவற்றுள் உயிரைப் போக்கியது ஒன்றுதான் என்று ஆண்டிஸ்டியஸ் என்ற வைத்தியர் கண்டதாகவும் குறிக்கிறார். சதிகாரர் எண்பதுக்கு மேல் என்பார் ஒருவர்; அறுபதுக்கு மேல் என்பார் மற்றொருவர். புரூட்டஸைப் பார்த்து ஸீஸர் சொன்னதாக உலகமெல்லாம் அறிந்த கடைசி வார்த்தை என்ன ஆயிற்று? ஸீஸர் ஒரு முனகலைத் தவிர ஒரு சொல்லும் சொல்லாமல் இறந்தார் என்று எழுதிவிட்டு, வேறு சிலர் இப்படிச் சொல்லுகிறார்கள் என்று ஸூடோனியஸ் தனியாகப் பிரித்து எழுதுகிறார். அந்தப் பிரிவினையை ஷேக்ஸ்பியருக்குப் பிறகு உலகம் மறந்துவிட்டது.

இந்த நிக்கோலாஸுக்கு நம் தேசத்தோடும் ஒரு சம்பந்தம் உண்டு. அகஸ்டஸிடம் சென்ற இந்தியத் தூதர்களை அவர் அந்தியோக்கியா நகரத்தில் நேரில் சந்தித்தார். அனுப்பிய அரசன் பெயர் போரஸ் என்று அவர் எழுதினார். ஸ்ட்ராபோ என்ற பூகோள நூலாசிரியர் அதை எடுத்துக் காட்டுகிறார். அதே ஸ்ட்ராபோ மற்றோரிடத்தில், தூது அனுப்பியவன் பாண்டியன் என்றும், சிலர் கருத்துப்படி போரஸ் என்றும் எழுதுகிறார். நம் பாண்டியன்தான் என்று அடித்துச் சொல்ல நமக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் தூதரைக் கண்ணால் கண்டவர் பாண்டியன் பெயரைச் சொல்லவில்லையே! நம் பெருமைக்குச் சாதகமான சாட்சியையும் அதே தராசில்தான் நிறுக்கவேண்டும்.

மாலையில் குகைப் பாறையிலிருந்து இறங்குவதற்கு முன் வக்கீல் தீர்ப்புச் சொன்னார். குலசேகரனுக்குப் பின் குமாரர் இருவரும் போரிட்டார்கள் என்பதை ஒருவரையொருவர் அறியாத இரண்டு சாட்சிகள் சொல்லுகிறார்கள், அது நிச்சயம். சுந்தரன் தந்தையைக் கொன்றான் என்பது ஒரே ஒரு கேள்விச் சாட்சியின் மொழி. அவர் பொய்யரல்லர், செய்தி வரும் வழியும் அவருக்கு இருந்தது, ஆகவே தள்ளிவிடவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது. டில்லிப் படையை அவன் அழைத்தான் என்பதற்கு ஆதாரம் மிகவும் மெலிந்தது. அந்தக் குற்றத்திலிருந்து அவனை விடுதலை செய்யலாம்.

நாங்கள் இதனுடன் ஒன்று சேர்த்துக்கொள்கிறோம். காபூர் கொள்ளையடித்துத் திரும்பிப் போனபின் பாண்டியருக்குப் பன்னிரண்டு வருஷ அவகாசம் இருந்தது. 1323-ல்தான் டில்லி மதுரையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பன்னிரண்டு வருஷங்களிலும் பாண்டியர் ஒன்றுபடவில்லை. வீரனுக்கும் சுந்தரனுக்கும் தனித்தனியே கல்வெட்டுகள் தொடர்ந்து வருகின்றன. ராஜ்யம் போனதற்கு ஒரு பாவியைத் தேடிப் பிடித்துவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். அந்த நிம்மதிக்காகத்தான் இந்தக் கதை இத்தனை காலம் கேள்வி கேட்பாரற்று வாழ்ந்திருக்கிறதோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அந்நியர் எழுதிய சரித்திரத்தை நம்பிக் கெட்டோம் என்று நாம் பல காலமாகக் குறைப்பட்டு வந்திருக்கிறோம். நம் சரித்திரத்தை நாமே எழுதும் காலத்தில், சாட்சிகளை முன்னிலும் கடுமையாக விசாரிப்பது நமது கடமை.

“இனிமேல் வகுப்பில் என்ன சொல்லுவீர், வாத்தியாரே?” என்று கேட்டோம்.

அவர் சற்று யோசித்தார். “சுந்தர பாண்டியன் தந்தையைக் கொன்றான் என்றுதான் சொல்லுவேன். ஆனால், ‘என்று ஷிராஸ் நகரத்து வஸ்ஸாப் எழுதுகிறார்’ என்று முடிப்பேன். பிள்ளைகளில் ஒருவனாவது எழுந்து, ‘வஸ்ஸாப் யார் ஸார்? அவருக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கமாட்டானா?” என்றார்.